இருட்டுக்குச் சோறு போடுவது யார்?

குகைக்குள் தின்ன என்ன இருக்கிறது?

குகை என்றதும் நமக்கு வௌவால்தான் நினைவுக்கு வரும். அது பகலில் குகையில் தூங்குகிறது, இரவில் வெளியே போய் இரை தேடுகிறது. அதில் புதிர் ஒன்றும் இல்லை. புதிர் இன்னும் உள்ளே, பிறந்தது முதல் சாகும்வரை வெளிச்சத்தையே பாராத உயிர்களிடம் இருக்கிறது. கண்ணில்லாத மீன், நிறமில்லாத இறால், கால் நீண்ட வண்டு என்று உலகமெங்கும் குகைகளில் இவை கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. பச்சை இலை வெயிலைக் கொண்டு சமைப்பதுதான் உயிருலகின் முதல் உணவு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இலையே இல்லாத இடத்தில் இவை எதைத் தின்று பிழைக்கின்றன?

இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் இருட்டைப் பற்றியே பேசும். இருட்டில் கண் வீண்செலவு, ஆகவே கண் மறைந்தது. வெயில் இல்லை, ஆகவே தோலில் நிறம் போனது. இது சரிதான், ஆனால் பாதிதான். எல்லாக் குகைகளும் ஒரேபோல இருட்டானவை. அப்படியிருந்தும் ஸ்லோவேனியக் குகையில் ஓர் உயிர் ஆண்டுக்கணக்கில் பட்டினி தாங்குகிறது. ருமேனியக் குகை ஒன்றில் உணவு நீரின்மேல் படலமாகவே மிதக்கிறது. ஹவாயில் குகைப்பூச்சி மரவேரில் வாய் வைத்து உறிஞ்சுகிறது. இந்த வேறுபாட்டை இருட்டால் விளக்க முடியாது. பாறை எப்படிக் குடையப்பட்டது என்பதால் விளக்க முடியும். பாறையைக் குடைந்தது எந்த வழியாக வந்ததோ, பெரும்பாலும் அந்த வழியாகவே உணவும் வருகிறது. குகையின் பிறப்பு தெரிந்தால், அதன் பந்தியில் யார் யார் உட்காரக்கூடும் என்பதைப் பெருமளவு சொல்லிவிடலாம்.

மூன்று பிறப்புகள்

தமிழ்நாட்டின் பெரும்பகுதி கருங்கல்லும் அதையொத்த பழம்பாறைகளும். இவை நீரில் எளிதில் கரைவதில்லை. அதனால்தான் நாம் குகை என்று சொல்பவற்றில் பல, பாறைச் சரிவின் அடியில் ஒதுங்கிய இடங்களாகவோ மனிதர் உளியால் குடைந்தவையாகவோ இருக்கின்றன. கிலோமீட்டர் கணக்கில் நீளும் இயற்கைக் குகைகளுக்குப் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் வேண்டும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சாக வெளிவிட்ட கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. பாறையின் விரிசலில் புகுந்த அந்த நீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் விரிசலை வாய்க்காலாகவும் வாய்க்காலைச் சுரங்கமாகவும் ஆக்குகிறது. மேலிருந்து கீழாகக் கரைத்த இதை மழைக்குகை என்று அழைக்கலாம்.

இரண்டாவது வகையில் கரைக்கும் பொருள் கீழேயிருந்து வருகிறது. பூமியின் ஆழத்து நீரில் சில இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கரைந்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற வாயு அது. அந்த நீர் மேலேறி ஆக்சிஜனைச் சந்திக்கும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. சுண்ணாம்புக்கல்லைக் கரைப்பதில் மண்ணில் ஊறிய மழைநீரைவிட இது பன்மடங்கு வலியது. இப்படிப் பிறப்பது அடிநீர்க் குகை. மூன்றாவது வகையில் கரைத்தலே கிடையாது. எரிமலைக்குழம்பு ஆறாக ஓடுகையில் அதன் மேற்புறம் குளிர்ந்து ஓடு கட்டுகிறது. உள்ளே குழம்பு ஓடி வடிந்த பிறகு வெற்றுக் குழாய் மிஞ்சுகிறது. இந்த எரிமலைக் குழாய் உருவாக நாள்களோ மாதங்களோ போதும். முதல் வகைக்கு வாசல் மேலே, இரண்டாவதற்குக் கீழே. மூன்றாவது, தரைக்குச் சற்று அடியில் நீளும் மெல்லிய கூரையின் கீழ் இருக்கிறது. இந்த அமைப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று பந்திகளையும் பார்க்கலாம்.

மேலிருந்து வரும் எச்சம்

ஸ்லோவேனியாவின் போஸ்டொய்னா குகைத்தொடர் மழைக்குகைகளில் புகழ்பெற்றது. பிவ்கா ஆறு தரையில் ஓடிவந்து அப்படியே குகைக்குள் புகுந்துவிடுகிறது. உலகில் முதன்முதலாக அறிவியல் விவரித்த குகைவண்டு 1831-இல் இங்கேதான் கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில் குகை உயிரினச் செழிப்பை உலக அளவில் கணக்கெடுத்த டேவிட் கல்வரும் போரிஸ் ஸ்கெட்டும் போஸ்டொய்னா–பிளானினா தொடரில் குகைக்கே உரிய 84 இனங்களைப் பட்டியலிட்டார்கள். இவ்வளவு இனங்களுக்கும் உணவு மேலிருந்தே வருகிறது. வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட இலையும் சுள்ளியும், கூரை விரிசலில் சொட்டும் நீரோடு இறங்கும் கரிமத் துகளும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகளும், வௌவாலின் எச்சமும்தான் அவற்றின் சாப்பாடு. மழைக்குகை, மேலுலகம் தின்று கழித்த மிச்சத்தில் வாழ்கிறது.

மிச்சம் எப்போது வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அடுத்த வெள்ளம் நாளையும் வரலாம், அடுத்த ஆண்டும் வரலாம். இந்த ஒழுங்கற்ற வரவுக்கு ஏற்ற உடம்பு எப்படி இருக்கும் என்பதற்கு இப்பகுதிக் குகைகளில் வாழும் ஓல்ம் சாட்சி. கண் மூடிய, வெளிறிய தோலுடைய, ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள நீர்வாழ் பல்லி போன்ற உயிரி அது, தவளையின் உறவு. பல ஆண்டுகள் உணவின்றித் தாங்கும். அசையாமல் இருப்பதே அதன் சிக்கனம். கிழக்கு ஹெர்சகோவினாவின் குகைநீரில் ஓல்ம்களுக்கு அடையாளமிட்டுத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வில், ஓர் ஓல்ம் 2,569 நாள்களுக்குப் பிறகும் அதே இடத்திலேயே காணப்பட்டது. ஏழு ஆண்டு! அதைச் சோம்பல் என்று சொல்லக் கூடாது. வரவு நிச்சயமில்லாத வீட்டில் செலவைச் சுருக்கியவன்தான் பிழைப்பான்.

கூரையைத் துளைத்த வேர்

எரிமலைக் குழாய்களில் உண்மையான குகை உயிர்கள் இருக்க முடியாது என்று 1970 வரை பலர் நம்பினார்கள். பனியுகத்தின்போது மேலே வாழ முடியாமல் குளிர்நாட்டுக் குகைகளில் அடைக்கலம் புகுந்தவைதான் குகைவாசிகள் ஆயின என்பது அன்றைய கருத்து. வெப்பமண்டலத் தீவில், நேற்று உறைந்த எரிமலைப் பாறையில், எதைத் தேடுவது? 1971-இல் ஃபிரான்சிஸ் ஹோவார்த் ஹவாயின் எரிமலைக் குழாய்களுக்குள் கண்ணும் நிறமும் இழந்த பூச்சிகளைக் கண்டறிந்து அந்தக் கருத்தைக் கவிழ்த்தார். கவாய் தீவில் கிடைத்த சிலந்தி ஒன்று ஓநாய்ச் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரிய கண்களுக்குப் பெயர்போன குடும்பம் அது. இந்தச் சிலந்திக்கோ கண்ணே இல்லை.

இவற்றின் உணவு குழாயின் கூரையிலிருந்து தொங்குகிறது. குழாய் தரைக்கு மிக அருகில் உறைவதால் அதன் கூரை மெல்லியது. குளிரும்போது பாறை வெடிப்பதால் விரிசல் நிறைந்தது. நாவலும் கொய்யாவும் உள்ள குடும்பத்தைச் சேர்ந்த ஓஹியா மரம், புதிய எரிமலைப் பாறையில் முதலில் வேர்விடும் மரங்களில் ஒன்று. அதன் வேர்கள் நீரைத் தேடி விரிசல் வழியே இறங்கிக் குழாய்க்குள் திரைபோலத் தொங்கும். நம் வயல்களில் நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிகளின் தூரத்து உறவான ஒரு வெளிறிய, கண்ணற்ற பூச்சி அந்த வேரின் சாற்றைக் குடித்து வாழ்கிறது. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று தேடிக்கொள்வதும் வேரின் வழியேதான். வேரில் அதிர்வை அனுப்பினால் மறுமுனையில் இருப்பது அதை உணர்ந்து பதிலுக்கு அதிர்வு அனுப்பும். உயிருள்ள வேர் என்பதால் இங்கே உணவு போஸ்டொய்னாவைப் போல் வெள்ளத்துக்குக் காத்திருப்பதில்லை. போஸ்டொய்னாவின் ஆழத்துக்கு மரவேர் இப்படி எட்டுவதுமில்லை. குழாய் உருவான விதமே வேரை அழைத்து வந்தது.

மோவிலே: கீழிருந்து வரும் விருந்து

கடைசியாகப் பார்க்கும் அடிநீர்க் குகையின் பந்திதான் இருப்பதிலேயே விசித்திரமானது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ருமேனியாவில், கருங்கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி மங்காலியா நகருக்கு அருகில், 1986-இல் மின்நிலையம் கட்டத் தோதான நிலமா என்று பார்க்க ஒரு குழி தோண்டினார்கள். சுமார் 20 மீட்டர் ஆழத்தில் குழி ஒரு குகையைத் தட்டியது. உள்ளே இறங்கிப் பார்த்தவர் கிறிஸ்டியன் லாஸ்கு. மனிதர் நுழையக்கூடிய இயற்கை வாசல் எதுவும் அதற்கு இல்லை. மேலே தடித்த களிமண்ணும் வண்டலும் மூடியிருந்தன. மோவிலே என்று பெயர் பெற்ற இந்தக் குகை சிறியது, மொத்தம் 240 மீட்டர்தான். மேல்தளம் உலர்ந்தது. கீழ்தளத்தில் 21 பாகை வெதுவெதுப்பான நீர், அதில் ஹைட்ரஜன் சல்ஃபைடு. நீருக்கு மேலே பாறை வளைவுகளில் சிக்கிய சில காற்றறைகள். அந்தக் காற்றில் ஆக்சிஜன் 7 முதல் 10 விழுக்காடுதான். நாம் சுவாசிப்பதில் 21. கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல். மீத்தேனும் உண்டு.

மனிதருக்கு ஆகாத இந்த மூலையில் உயிர் நெரிசலாக இருக்கிறது. காற்றறைகளில் நீரின்மேல் பாலாடைபோல ஒரு படலம் மிதக்கிறது. அடியில் சிக்கிய வாயுக் குமிழிகள் அதைத் தூக்கிப் பிடிக்கின்றன. படலம் முழுக்க நுண்ணுயிர்கள். அவை சல்ஃபைடையும் மீத்தேனையும் ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, அதில் கிடைக்கும் ஆற்றலால் கரியைச் சர்க்கரையாகவும் புரதமாகவும் மாற்றுகின்றன. இலை ஒளியால் செய்வதை இவை வேதிப்பொருளால் செய்வதால் இதை வேதிச்சேர்க்கை என்போம். புழுக்களும் நத்தையும் குருட்டு நீர்க்கரப்பான் போன்ற ஓட்டுடலிகளும் படலத்தை மேய்கின்றன. கண்ணற்ற நீர்த்தேள் படலத்தின் ஓரத்தில் முன்னங்காலை விரித்து இரைக்குக் காத்திருக்கிறது. அட்டை ஒன்று மண்புழுக்களை முழுசாக விழுங்குகிறது. ஈரச் சுவரில் சிலந்திகளும், ஐந்து சென்டிமீட்டர் வரை நீளும் பூரானும் வேட்டையாடுகின்றன. முதல் பெரிய கணக்கெடுப்பில் 48 விலங்கினங்கள் தெரிந்தன. அவற்றில் 33 வேறெங்கும் இல்லாதவை. சில காற்றறைகளைச் சுற்றி மேய்பவை, மேய்பவற்றைத் தின்பவை, அவற்றையும் தின்பவை என்று முழுச் சங்கிலியும் இருக்கிறது. ஏழாண்டு ஒரே இடத்தில் கிடக்கும் கட்டாயம் இங்கே யாருக்கும் இல்லை.

விருந்து ஏன் இந்தக் காற்றறைகளில் மட்டும் நடக்கிறது? சல்ஃபைடு கீழிருந்து நீரில் வருகிறது. ஆக்சிஜன் மேலே காற்றில் இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் நீரின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்குதான். சற்றுக் கீழே போனால் ஆக்சிஜன் இல்லை. உலர்ந்த மேல்தளத்துக்குப் போனால் சல்ஃபைடு இல்லை, உயிர்களும் குறைவு. சல்ஃபைடை எரித்தால் மிஞ்சுவது கந்தக அமிலம். ஆக, உணவு சமைக்கப்படும் அதே எல்லையில்தான் பாறையைத் தின்னும் அமிலமும் பிறக்கிறது. குகை கரைவதும் பந்தி பரிமாறப்படுவதும் இங்கே ஒரே வேதிவினையின் இரண்டு பலன்கள்.

சாப்பாடு கீழிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரியும்?

மேலேயிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ கசிந்து வந்தால்? இந்த ஐயத்தைத் தீர்க்க இரண்டு சோதனைகள் உதவின. முதலாவது கரியின் எடை. இயற்கையில் கரி அணு இலேசானது, சற்றுக் கனமானது என இரு வடிவங்களில் கலந்திருக்கிறது. வெளியுலகச் செடிகளில் இருக்கும் விகிதம் ஒன்று; மோவிலேயின் படலத்தில் இருக்கும் விகிதம் வேறு, இலேசான கரி கூடுதலாக உள்ளது. ஒரு விலங்கு எதைத் தின்றதோ அதன் விகிதம் அதன் உடலிலும் பதியும். செர்பான் சார்புவும் அவருடைய கூட்டாளிகளும் 1996-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், குகை விலங்குகளின் உடற்கரி படலத்தோடு ஒத்துப்போயிற்று. வெளியே வாழும் விலங்குகளோடு ஒத்துப்போகவில்லை. நிலத்தில் வாழும் ஒரு விலங்குச் சமூகம் முழுக்க வேதிச்சேர்க்கையில் பிழைக்க முடியும் என்பதற்கு அதுவே முதல் தெளிவான சான்று.

இரண்டாவது சோதனை ஒரு பேரழிவின் பக்கவிளைவு. குகை வெளிப்பட்ட அதே 1986-இல்தான் செர்னோபில் அணு உலை வெடித்தது. அதன் கதிரியக்கத் துகள்கள் கருங்கடல் வட்டாரத்து மண்ணிலும் ஏரிகளிலும் படிந்தன. மேலிருந்து நீர் இறங்கும் குகையாக இருந்தால் அதற்குள்ளும் அவை வந்திருக்க வேண்டும். மோவிலேயின் படிவுகளில் அவை காணப்படவில்லை. மேற்கூரை உண்மையிலேயே அடைபட்டதுதான்.

மறுப்புகளும் திருத்தங்களும்

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மூன்று கனமானவை. முதலாவது: மோவிலே சூரியனை நம்பாத உலகம் என்று புகழ்வது மிகை. சல்ஃபைடை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜனைக் காற்றில் நிரப்பியது வெளியுலகின் பச்சை இலைகளே. இது சரியான மறுப்பு. அங்கே உணவுதான் சூரியனைச் சாராதது. மூச்சு இன்னும் சூரியனுக்குக் கடன்பட்டிருக்கிறது. ‘55 லட்சம் ஆண்டுகளாக அடைபட்ட குகை’ என்ற பேச்சையும் இதேபோல அளந்துதான் ஏற்க வேண்டும். குகை நத்தையின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு, அது வெளியுறவுகளிலிருந்து பிரிந்து ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகளே ஆகியிருக்கலாம் என்கிறது. எல்லா உயிர்களும் ஒரே நாளில் உள்ளே போய்க் கதவு சாத்திக்கொள்ளவில்லை. ஆனால் பாறை குடைந்த வழியே உணவு வருகிறது என்ற கூற்றை இந்த இரண்டும் அசைக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு நேராக வாதத்தின் கழுத்தைப் பிடிக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இருக்கும் கார்ல்ஸ்பாட் குகையும் கந்தக அமிலத்தால் குடையப்பட்டதே. அமிலம் விட்டுச்சென்ற ஜிப்சம் பாளங்கள் இன்னும் உள்ளே கிடக்கின்றன. அங்கே மோவிலேயைப் போன்ற விருந்து இல்லை. மாலைதோறும் வெளியே பறக்கும் வௌவால் கூட்டத்துக்குத்தான் அது பெயர்பெற்றது. பிறப்பு ஒன்று, பந்தி வேறு என்றால் கூற்று பொய்யா? இல்லை, திருத்தம் வேண்டும். கார்ல்ஸ்பாடைக் குடைந்த வேலை பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. மலை உயர, சல்ஃபைடு நீர் கீழே இறங்கிப் போயிற்று. அடுப்பு அணைந்த வீட்டில் சாப்பாடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். எனவே கூற்றை இப்படிச் சொல்வதே சரி: குகையைக் குடைந்த வேலை நடந்துகொண்டிருக்கும்வரை அதுவே பந்தியைத் தீர்மானிக்கிறது, வேலை நின்றபின், திறந்திருக்கும் வாசல் தீர்மானிக்கிறது.

மூன்றாவது மறுப்பு வரலாற்றைக் காட்டுகிறது. ஒரு குகையில் எந்தெந்த இனங்கள் இருக்கின்றன என்பது, அந்த வட்டாரத்தில் முன்பு எவை வாழ்ந்தன, பனிப்படலம் எதை அழித்தது என்பதைப் பொறுத்தது. வடநாடுகளில் போஸ்டொய்னாவைப்போலவே பிறந்த குகைகள் பனியுகத்தால் வறண்டு கிடக்கின்றன. உண்மைதான். பந்திக்கு வருபவர்களின் பட்டியலை வரலாறு தருகிறது. எத்தனை இலை போடுவது, எவ்வளவு பரிமாறுவது என்பதைக் குகையின் பிறப்பு முடிவு செய்கிறது. இதற்கு அண்மையில் ஓர் அழகான சான்று கிடைத்தது. கிரீஸ்–அல்பேனியா எல்லையில் இருக்கும் கந்தகக் குகை ஒன்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திகள், நூறு சதுர மீட்டருக்கும் பரந்த வலையில் கூட்டாக வாழ்வதை 2025-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவை குகைக்கென்று தனியாகத் தோன்றிய இனங்கள் கிடையாது. பெரும்பாலானவை, ஐரோப்பிய வீடுகளின் மூலையில் தனித்தனியே வலை கட்டும் சாதாரணச் சிலந்தி. வெளியே தன் இனத்தையே அண்டவிடாத அது, இங்கே அருகருகே குடியிருக்கிறது. வேதிச்சேர்க்கைப் படலத்தைத் தின்று பெருகும் சிறு ஈக்கள் ஓடைமேல் மொய்ப்பதால் யாரும் யாரோடும் சண்டையிட வேண்டியதில்லை. இனம் பழையது, இருட்டும் பழையது. கீழிருந்து வந்த சல்ஃபைடுதான் வாழ்க்கை முறையை மாற்றியது.

உயிர் குடைந்த பாறை

இதுவரை பாறை முதலில், உயிர் பிறகு என்ற வரிசையிலேயே பேசினோம். அடிநீர்க் குகைகளில் அந்த வரிசையும் நிலைப்பதில்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கீழ்க் கேன் குகையை ஆராய்ந்த அனெட் எங்கலும் சக ஆய்வாளர்களும் 2004-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சல்ஃபைடு தானாகக் காற்றில் கலந்து அமிலமாகிப் பாறையைக் கரைக்கிறது என்ற பழைய விளக்கத்துக்கு மாறாக, அங்கே பெரும்பங்கு அமிலத்தை உண்டாக்குவது பாறையில் ஒட்டி வளரும் நுண்ணுயிர்களே என்று கண்டார்கள். இத்தாலியின் ஃபிரசாசி குகையில் சல்ஃபைடு வாயு படும் சுவர்களிலிருந்து மூக்குச்சளிபோல நுண்ணுயிர் இழைகள் தொங்குகின்றன. அவற்றின் நுனியில் சொட்டுவது கடும் கந்தக அமிலம். தங்கள் சாப்பாட்டைச் சமைக்கும்போதே இவை தங்கள் வீட்டையும் விரிவாக்கிக்கொள்கின்றன. விரிந்த வீட்டில் காற்றறை பெருகும், சல்ஃபைடும் ஆக்சிஜனும் சந்திக்கும் பரப்பு பெருகும், உணவும் பெருகும். மழைக்குகையிலும் இதன் மெல்லிய வடிவம் உண்டு. மழைநீரை அமிலமாக்கும் கரியமில வாயு, மேல்மண்ணின் வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட மூச்சுத்தானே.

காவலை எங்கே வைப்பது?

இந்த வாதத்துக்கு நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. ஒரு குகையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அதன் வாயிலில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டுவதுதான் வழக்கம். உள்ளே நுழைவோரின் கைகால்களிலிருந்து அது காக்கும். உணவு வரும் பாதையைக் காக்காது. போஸ்டொய்னாவின் உயிர்களுக்கு உண்மையான வாசல் பிவ்கா ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுதும். அங்கே வயலில் தெளித்த மருந்தும் ஊர்களின் சாக்கடையும் மழைநீரின் அதே வழியில் ஓல்மிடம் போய்ச் சேரும். ஹவாயில் 2010 வாக்கில் கண்ணில்பட்ட ஒரு பூஞ்சை நோய் ஓஹியா மரங்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றுவருகிறது. காட்டுக்கு வந்த கேடு என்றே அதை எல்லோரும் பேசுகிறார்கள். மேலே மரம் பட்டால் கீழே குழாயில் தொங்கும் வேரும் பட்டுப்போகும், கதவு பூட்டியிருந்தாலும் தத்துப்பூச்சிக்குச் சாறு இருக்காது. மோவிலேயில் கதை தலைகீழ். அதன் மேல் நிலத்தை மட்டும் வேலியிட்டுப் பயனில்லை. ஆழ்நீர்மட்டம் இறங்கினால் சல்ஃபைடு நீர் காற்றறையை விட்டு விலகும், குகை இன்னொரு கார்ல்ஸ்பாட் ஆகும். ஆகவே ஒரு குகையைக் காக்கப் புறப்படுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே என்ன அரிய உயிர் இருக்கிறது என்பதைவிட, இந்தப் பாறையை எது குடைந்தது, அந்த வேலை இன்னும் நடக்கிறதா என்பதுதான். அதற்குப் பதில் கிடைத்தால் ஆற்றுக்கா, காட்டுக்கா, நிலத்தடி நீருக்கா, எதற்குக் காவல் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.